ஒப்புகையும் கடப்பாடும்: கனடாவின் நில ஒப்புகை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கனடாவிற் பல்கலைக்கழக வைபவங்களும் பொதுக்கூட்டங்களும் தொடங்குமுன் சில வாக்கியங்கள் வாசிக்கப்படுதல் இன்று பெருவழக்காகும். கூட்டம் நிகழும் நிலம் இன்ன முதற்குடியினரின் தாயகம் என்றும், இன்ன உடன்படிக்கைக்கு உட்பட்டது என்றும் அவ்வாக்கியங்கள் கூறுகின்றன. ‘நில ஒப்புகை’ எனத்தக்க இவ்வழக்கம், வதிவிடப் பாடசாலைகளில் முதற்குடிப் பிள்ளைகள் பட்ட துன்பங்களை ஆராய்ந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் தன் முடிவுகளை வெளியிட்ட பின்னர் நாடெங்கும் பரவிற்று. அது நீண்ட மௌனத்தைக் கலைத்தது என்பர் ஒரு சாரார். வெறுஞ் சடங்கு என்பர் மறு சாரார். இவ்விரு கூற்றுகளுக்கும் முற்பட்ட வினா ஒன்றுண்டு. ஒப்புக்கொள்ளுதல் என்னுஞ் செயல், ஒப்புக்கொள்பவனை எதற்குக் கடமைப்படுத்துகின்றது?

ஒப்புகை இருவகைப்படும். ஒன்று செய்தியை ஒப்புதல்; மற்றையது கடனை ஒப்புதல். ஒரு மலை உயரமானது என ஒப்புபவனுக்கு அதனால் யாதொரு பொறுப்பும் வருவதில்லை. ஒரு கடன் தன்னுடையது என ஒப்புபவனோ தனக்கெதிராகத் தானே சாட்சி பகர்கின்றான். நில ஒப்புகை இவற்றுள் எவ்வகையினது என்பதை உணர்வதற்கு உடன்படிக்கைகளின் இயல்பை நோக்குதல் வேண்டும்.

1764இல் நயாகராவிற் பிரித்தானிய முடியின் பிரதிநிதி சேர் வில்லியம் ஜோன்சன் முதற்குடியினங்கள் பலவற்றின் தலைவர்களோடு செய்த உடன்படிக்கை, சிப்பிமணிகள் கோத்த பட்டிகைகளாற் குறிக்கப்பட்டது. அவ்வுறவு வெள்ளிச் சங்கிலியாக உருவகிக்கப்பட்டது. வெள்ளி மங்கக்கூடியது, ஆதலால் இரு சாராரும் காலந்தோறும் கூடி அதனைத் துலக்குதல் வேண்டும். முதற்குடியினருக்கு உடன்படிக்கை என்பது இவ்வாறு தொடரும் உறவாகும். குடியேற்ற அதிகாரிகளோ அதனைப் பெரும்பாலும் காணி உறுதியாகவே கொண்டனர். கையொப்பத்தோடு அலுவல் முடிந்தது.

ரொறன்ரோ நகரின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1787இல் மிசிசாகா மக்களிடமிருந்து அந்நிலத்தைப் பெற்றதாகக் காட்டிய உறுதியில் நிலத்தின் விபரமே எழுதப்படவில்லை. 1805இல் 250,830 ஏக்கர் நிலம் 10 சிலிங்குக்குக் கைமாறியதாகப் புதிய உறுதி எழுதப்பட்டது. அது பற்றிய கோரிக்கையைக் கனடிய அரசு 2010இல் 14 கோடி 50 இலட்சம் டொலர் வழங்கித் தீர்த்தது.

இதனினும் தெளிவான சான்று, ஹூரன், சுப்பீரியர் ஆகிய ஏரிகளின் வடபால் வாழும் அனிஷினாபே மக்களோடு 1850இற் செய்யப்பட்ட றொபின்சன் உடன்படிக்கைகளாகும். நிலத்தின் வருவாய் பெருகுமாயின், அரசுக்கு நட்டம் நேராதவாறு ஆண்டுக் கொடுப்பனவும் உயர்த்தப்படும் என்பது அவற்றில் எழுதப்பட்ட வாக்கு. அந்நிலத்திலிருந்து மரமும் கனியமும் பெருஞ் செல்வமாக வெளியேறின. கொடுப்பனவோ 1875இல் ஆளுக்கு 4 டொலராக உயர்த்தப்பட்டதன் பின்னர் அசையவேயில்லை. 2024இற் கனடாவின் உயர்நீதிமன்றம் முடி தன் வாக்கை நேர்மையின்றி மீறியதெனத் தீர்ப்பளித்தது. ஒன்றரை நூற்றாண்டாக அவ்வுடன்படிக்கையின் இருப்பை எவரும் மறுத்திலர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒப்புகை இருந்தது, நிறைவேற்றமே இருக்கவில்லை.

முன்னோர் செய்த பிழைக்குப் பின்னோர் எங்ஙனம் பொறுப்பாவர் என ஒருவர் வினவலாம். குற்றம் செய்தவனோடு மாயலாம், உடன்படிக்கை அத்தகையதன்று. அதன் பயனை நுகர்வோர் உள்ளவரை அதன் கடப்பாடும் உண்டு. பின்வந்து குடியேறியோரும் இதற்கு விலக்கல்லர். 2021 முதற் கனடியக் குடியுரிமைச் சத்தியம், முதற்குடியினரின் உடன்படிக்கை உரிமைகளை அரசியலமைப்பு ஏற்று உறுதிசெய்தலையும் குறிப்பிடுகின்றது. 1983இன் பின் இலங்கையிலிருந்து சென்று ரொறன்ரோவில் வேரூன்றிய தமிழருட் புதிதாகக் குடியுரிமை பெறுவோரும் அச்சத்தியத்தையே செய்கின்றனர். தாம் இழந்த காணியின் உறுதியைப் பேணி வைத்திருப்போர், தாம் வாழும் காணியின் உறுதியையும் வாசித்தறிதல் நியாயமேயாம்.

பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் பெரும்பகுதியில் உடன்படிக்கையே செய்யப்படவில்லை. ஆங்கு, கையளிக்கப்படாத நிலத்தில் நிற்கின்றோம் என ஒப்புவோர் தம் உரித்துக்கு ஆதாரம் யாதென்னும் வினாவையும் உடன் எழுப்புகின்றனர். அவ்வினாவை எழுப்பிவிட்டு நிகழ்ச்சி நிரலின் அடுத்த விடயத்துக்குச் செல்வதே இவ்வழக்கத்தின் பெருங்குறையாகும்.

எனினும் நில ஒப்புகையைக் கைவிடுதல் இதற்குப் பரிகாரமாகாது. கடன்முறியை நாடோறும் உரத்து வாசித்துவிட்டுக் கடனைத் தீர்க்காதவன் நகைப்புக்குரியவனே. ஆயினும் அவன் வாசிக்குங்காறும் அக்கடன் இல்லையென எவருங் கூறல் இயலாது. எவ்வுடன்படிக்கை, அதில் அளித்த வாக்கு யாது, அவ்வாக்கில் எஞ்சியிருப்பது யாது என்பவற்றையும் ஒப்புகை சொல்லத் தொடங்குமாயின், கேட்போர் அடுத்த ஆண்டு அதே மண்டபத்திற் கூடும்போது அவ்வெச்சம் எவ்வளவு குறைந்தது என வினவும் உரிமையைப் பெறுவர்.