பாதாள லிங்கக் குழியிலிருந்து

ஆபீசில் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்து, முதல் மாதம் ஒரே குழப்பமாக இருந்தால், ‘டீத்திங் ட்ரபிள்ஸ்’ என்று இங்கிலீஷில் சொல்லிக்கொள்வார்கள். குழந்தைக்குப் பல் முளைக்கும்போது படுகிற பாடு மாதிரி, போகப் போகச் சரியாகிவிடும் என்று அர்த்தம். தியானம் பழக வருகிறவர்களிடமும் நாம் இதைத்தான் சொல்கிறோம். “ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.” சொல்லிவிட்டு நம் ஜோலியைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

ரமண பகவானின் ஆரம்பத்தைப் பாருங்கள். வயது 16. அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து ரயில் ஏறினார். அவர் பார்த்ததோ பழைய அட்லஸ். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பாதை போட்டிருப்பது அதில் இல்லை; திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினார். வழியில் ஒரு மௌலவி சொல்லித்தான் விழுப்புரத்தில் இறங்கினார். அப்புறம் நடை, பசி, மயக்கம். கீழூரில் ஒரு பாகவதர் வீட்டில் சாப்பாடு போட்டு, கடுக்கனை வைத்துக்கொண்டு 4 ரூபாய் கொடுத்தார்கள். 1896 செப்டம்பர் 1 அன்று அருணாசலேசுவரர் சந்நிதி.

வந்து சேர்ந்த பிறகாவது நிம்மதி உண்டா? ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தால் சிறுவர்கள் கல்லெறிகிறார்கள். பாதாள லிங்கக் குழிக்குள் இறங்கினார். அங்கே பூச்சிகள் தொடையை அரித்துச் சீழும் ரத்தமுமாக ஆகிவிட்டது. அவருக்கு உடம்பு நினைவே இல்லை.

இந்த இடத்தில் பிரசங்கம் செய்கிறவர்கள் எல்லோரும் அவருடைய வைராக்கியத்தைத்தான் பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழியிலிருந்து அவர் தானாக ஏறி வரவில்லை. சேஷாத்திரி சுவாமிகள் பையன்களைத் தடுத்துப் பார்த்தார். வெங்கடாசல முதலியார் என்பவர் சில சாதுக்களை அழைத்துவந்து, அவரை அலுங்காமல் தூக்கி முருகன் சந்நிதியில் உட்கார்த்தினார். அங்கே இருந்த மௌன சாமியார் அம்மன் அபிஷேகப் பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆரம்பத்தில் தவிக்கிறவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவருக்குப் பொறுமையை உபதேசிப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் பால் கொடுங்கள் என்பேன்.

1897-ல் பகவான் குருமூர்த்தம் என்ற இடத்துக்குப் போனார். அங்கே எறும்புத் தொல்லை. அங்கேதான் பழனிச்சாமி என்கிற மலையாளி அன்பர் வந்து சேர்ந்தார். பல வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் ஞான நூல்களை எழுத்துக்கூட்டிப் படிப்பது பெரும்பாடு. பகவான் அந்தப் புத்தகங்களை வாங்கித் தாமே படித்து, சாரத்தை அவருக்கு எடுத்துச் சொன்னார். அதற்கு முன் அந்த சாஸ்திரங்களை பகவான் படித்ததே இல்லை.