மருந்தின் நான்காம் கூறு

நோயுற்றவனைக் காக்கும் கடமை யாரைச் சாரும் என்னும் வினாவுக்கு, முன்கூட்டிப் பணம் செலுத்தித் தமக்குள் இடரைப் பகிர்ந்துகொண்டவர்களின் ஒப்பந்தத்தையே சாரும் என்று காப்புறுதியை ஆதரிப்போரும், சமூகம் முழுவதையும் சாரும் என்று பொது மருத்துவத்தை ஆதரிப்போரும் விடை கூறுவர். இலங்கையில் ஹல்துமுல்லை முதலான ஊவாத் தேயிலைத் தோட்டங்களிலோ நெடுங்காலம் மூன்றாவது விடையொன்றே நடைமுறையில் இருந்தது: அக்கடமை தோட்ட நிர்வாகத்தைச் சார்ந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் நோய்க்கு நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியது. டிஸ்பென்சரி எனப்படும் தோட்ட மருந்தகமும் அவ்வழியில் வேரூன்றியது. 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் நீக்கப்பட்ட பின்னரும் இத்தனி ஏற்பாடு மறையவில்லை; 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, வாக்கையும் இழந்திருந்த, அத்தோட்டங்களில் உழைத்த மலையக மக்கள் அதை மாற்றுமாறு அரசை வற்புறுத்தும் நிலையில் இல்லை.

இவ்வேற்பாட்டின் குறை மருந்தின் போதாமை மட்டுமன்று. கவனிப்பு மனிதனுக்கு உரியதாக அன்றி, பேர் பதிந்து உழைக்கும் உடலுக்கு உரியதாக இருந்ததே அதன் ஆழமான பிழை. தனியார் காப்புறுதி, பலர் சேர்ந்து ஒருவரின் துன்பத்தைத் தாங்கும் உயரிய எண்ணத்தைத் தன்னுள் கொண்டதாயினும், உழைப்பின் இடத்தில் தவணைப் பணத்தை வைத்து அதே பிழையைத் தொடர்கிறது; முன்பே நோயுள்ளவரை விலக்கவோ அவரிடம் கூடுதலாகக் கேட்கவோ அதற்கு வணிகக் காரணம் எப்போதும் உண்டு. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அத்தவணையே எட்டாதது.

எனினும் கட்டணத்தை நீக்கியதோடு பொது மருத்துவத்தின் கடன் தீர்ந்துவிடுவதில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என நான்காகப் பகுக்கிறது. தியத்தலாவையிலோ பதுளையிலோ உள்ள அரசு மருத்துவமனை மருத்துவரையும் மருந்தையும் விலையின்றித் தருகிறது. ஆனால் லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பிலிருந்து நோயாளியை அழைத்துச் செல்லும் மகளோ மனைவியோ அன்றைய பேரை, அதாவது அந்நாளின் வேலைப்பதிவையும் அதற்குரிய சம்பளத்தையும், இழக்கிறாள். 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இந்நான்காம் கூற்றின் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. அந்த ஏற்பு வாகனத்தோடு நிற்க நியாயமில்லை. துணைக்குச் செல்பவளின் நாட்கூலியும் பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்யப்படும்போதுதான் இலவச மருத்துவம் தோட்ட மக்களுக்கு உண்மையில் இலவசமாகும்.