ஏழு பருவம் வரை ஒரே பிள்ளை



குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்கு ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமார சுவாமிக்கும் ஒன்று பாடினார். அது பெண்பால், இது ஆண்பால். ஆனாலும் பிள்ளைத்தமிழ் பாடும் பத்துக் குழந்தைப் பருவங்களில் ஏழு இருவருக்கும் பொது: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. அம்மையும் சப்பாணி கொட்டுகிறாள், முருகனும் கொட்டுகிறான். இருவரோடும் விளையாட வரச்சொல்லி நிலாவைக் கூப்பிடுகிறார் புலவர். கடைசி மூன்றில்தான் வேறுபாடு.

நாமோ தொட்டிலிலேயே பிரித்துவிடுகிறோம். அவனுக்குக் கார் பொம்மை, அவளுக்குச் செப்புச் சாமான். அவன் அழுதால், "பொம்பளப் பிள்ளை மாதிரி அழாதே." அவள் உரக்கச் சிரித்தால், "அடக்கமா இரு."

"கடைசி மூன்று பருவம் வேறுதானே சாமி?" என்பீர்கள். வேறுதான். மீனாட்சிக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆனால் அம்மானை ஆடிய அந்தக் கைக்குத்தான் அவள் தந்தை மலையத்துவச பாண்டியன் படைக்கலமும் பழக்கினான் என்கிறது புராணம். சித்திரைத் திருவிழாவின் 8-ஆம் நாள் மதுரையில் பட்டாபிஷேகம் அவளுக்குத்தான் நடக்கிறது. அவள் ஆடிய ஆட்டத்தை வைத்து அவள் ஆளக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆண் பிள்ளைக்குச் சிற்றில் பருவம் உண்டு. சிறுமிகள் கட்டிய மணல் வீட்டை அவன் காலால் சிதைக்க வருவான். வேண்டாம் என்று அவர்கள் கெஞ்சுவார்கள். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் இதற்கென்றே பத்துப் பாசுரம் பாடியிருக்கிறாள். கண்ணன் செய்தால் லீலை. நம் வீட்டுப் பையன் தங்கை கட்டியதை மிதித்தால், "ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான்" என்று சிரிக்காதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார வைத்து, "நீயும் ஒரு சுவர் கட்டு" என்று சொல்லுங்கள்.

"வீட்டு வேலை ஆம்பளைக்கு எதுக்கு?" என்று யாராவது கேட்டால், திருச்சி மலைக்கோட்டைக்கு அனுப்பி வையுங்கள். அந்தக் கோயிலின் கதை இது: காவிரியில் வெள்ளம், தாய் அக்கரையில் நிற்கிறாள், இக்கரையில் மகள் இரத்தினாவதிக்குப் பிரசவ வலி. அந்தத் தாயின் உருவிலேயே வந்து பேறுகாலம் பார்த்தார் சிவபெருமான். அப்படித் தாயுமானவர் ஆன அந்தச் சிவனுக்கு இல்லாத கௌரவக் குறைச்சல், தம்பிக்குச் சோறூட்டும் நம் பையனுக்கு வந்துவிடுமா?

இன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது மகனையும் கூப்பிடுங்கள், திரி போடட்டும். கடைக்கு மகளையும் அனுப்புங்கள். கணக்குப் பார்த்து மிச்சக் காசை வாங்கி வரட்டும். இருவரையும் அந்த அம்மையப்பன் காக்கட்டும்.