மைசூரிலிருந்து நீண்ட கை

ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கொலாய் மெட்னர் (1880–1951) காலத்தின் மோகத்துக்கு வளையாதவர். சமகாலத்தவர் பலர் பழைய இசை இலக்கணத்தை உதறியபோது, இசைக்கு மாறாத விதிகள் உண்டு என்று வாதாடி 1935-இல் ஒரு நூலே எழுதினார். 14 பியானோ சொனாட்டாக்கள், 3 பியானோ கான்செர்ட்டோக்கள் படைத்தார். பியானோ இடம்பெறாத படைப்பு ஒன்றுகூட அவரிடம் இல்லை. 1921-இல் தாய்நாட்டைப் பிரிந்தவர், இறுதிக் காலத்தில் லண்டனில் நோயோடும் பணமுடையோடும் வாழ்ந்தார்.

அப்போது உதவிய கை மைசூரிலிருந்து நீண்டது. கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றிய மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார், மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டில் பதிக்கப் பொருள் தந்தார். முதுமையிலும் மெட்னரே தம் மூன்று கான்செர்ட்டோக்களையும் வாசித்தார். மூன்றாவதை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். அந்தப் பதிவுகளை இன்றும் கேட்கலாம்.

மரபைக் காப்பவனுக்குக் கைதட்டல் மட்டும் போதாது; அவன் உழைப்பு நிலைத்திருக்க யாராவது பொறுப்பேற்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் பிள்ளைகளுக்கு வீணையும் மிருதங்கமும் நாதஸ்வரமும் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். இதற்கு அரண்மனைச் செல்வம் தேவையில்லை. கச்சேரிக்கு இலவச அனுமதி கேட்காதீர்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக் குடும்பத்தோடு செல்லுங்கள். ஆசிரியரின் சம்பளத்தைத் தவணை தவறாமல் கொடுங்கள். மூத்த கலைஞர்களின் வாசிப்பை, அவர்கள் நலமாக இருக்கும்போதே பதிவு செய்து வையுங்கள்.