மிஞ்சிய முழம்

வளைகாப்புக்குச் சரம் கட்டும் மல்லிகையை விடியலில் மொட்டாகவே பறிக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் விரிந்துவிடும். நனைத்த வாழைநாரில் இரண்டிரண்டாக எதிரெதிர் வைத்து, காம்பு நசுங்காமல் முடிச்சிட விரலுக்குப் பழக்கம் வேண்டும். அப்படிக் கட்டி விற்றுப் பிழைக்கும் பெண்களில் கணவனை இழந்தவர்களும் உண்டு. அவர்கள் கட்டிய சரம் மணைக்குப் போகும், அவர்கள் போகக்கூடாது. குறை அந்தக் கையில் இருக்கிறதென்றால் முதலில் பூவையல்லவா ஒதுக்கியிருக்க வேண்டும்?

பூ கணவனோடு வந்தது, அவனோடு போகிறது என்பார்கள். ஐந்து வயதில் அம்மா வைத்துவிட்ட கனகாம்பரம் எந்தக் கணவன் கொண்டுவந்தது? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களும் மணமாகாத பெண்கள் பறித்துப் பாறையில் குவித்தவை. கட்டியதும் அவர்கள், சூடியதும் அவர்கள்.

"பூவே அடிமைச் சின்னம்தானே மேடம், போனால் போகட்டுமே" என்று மாணவிகள் கேட்பதுண்டு. நானும் பூ வைப்பதில்லை. வேண்டாம் என்று நான் சொல்ல முடிகிறது. அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

சடங்கு முடிந்து மிஞ்சும் முழத்தை யாருக்கு நறுக்கிக் கொடுப்பது என்று முடிவு செய்வது வீட்டுப் பெண்களாகிய நாம்தாம். அந்த நேரத்தில் புரோகிதர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்.