கையொப்பமும் மனச்சான்றும்

ஆசிரியர் பாடத்திட்டம் எழுதுவது யாருக்காக? மாணவருக்காக என்றே எல்லாரும் விடை கூறுவர். தலைமையாசிரியரின் மேசைமீது குவிந்து கிடக்கும் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பவர்க்கோ அவ்விடையில் ஐயம் எழும்.

வகுப்பறைக் கற்பித்தலைத் தலைமையாசிரியர் மேற்பார்வையிடுவது பற்றி நம் கல்வி அமைச்சு 1987இல் சுற்றறிக்கை வெளியிட்டது. கற்றல் கற்பித்தல் பதிவேட்டைப் பற்றிய சுற்றறிக்கை 1999இல் வந்தது. அப்பதிவின் இறுதியில் நாம் எழுதும் 'சிந்தனை மீட்சி'யே என் மனத்தை உறுத்துவது. எத்தனை பேர் கற்றனர், எங்கே இடறினர் என்று ஆசிரியர் தம் மனச்சான்றோடு பேச வேண்டிய இடம் அது.

ஜார்ஜ்டவுனில் நான் பணி தொடங்கிய பள்ளியில், பதிவேடுகள் வெள்ளிதோறும் அலுவலகம் செல்லும். திங்களன்று சிவப்பு மைக் கையொப்பத்துடன் திரும்பும். தேதி விடுபட்டால் கண்டிப்பு உண்டு. பாடம் எப்படி நடந்தது என்று கேட்பாரில்லை. "28 மாணவரும் நோக்கத்தை அடைந்தனர்" என்று, வகுப்பிற்குள் நுழையுமுன்பே எழுதப் பழகிக்கொண்டேன். அது பொய் என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை.

இஃது இன்று தோன்றிய நோயன்று. இங்கிலாந்தில் 1862இல், மாணவரின் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்ற விதி வந்தது. கண்காணிப்பாளர் வருமுன் பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்தனர். கவிஞரும் பள்ளிக் கண்காணிப்பாளருமான மேத்யூ ஆர்னால்டு அவ்விதியை எதிர்த்து எழுதினார்.

பின்னர் வந்த தலைமையாசிரியர் ஒருவர், ஒருநாள் பின்வரிசையில் வந்தமர்ந்தார். (அவர்தம் பருத்த உடலுக்கு அச்சிறு நாற்காலி போதவில்லை.) அன்றைய பாடம் லகர, ளகர, ழகர வேறுபாடு. முடிந்ததும், "தம்பி, சன்னலோரத்துப் பிள்ளைகள் நால்வரும் என்ன எழுதினார்கள், பார்த்தீர்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. அன்று மாலை, "நால்வருக்கு விளங்கவில்லை" என்று பதிந்தேன். அதன்கீழ் அவர், "நாளை எங்கிருந்து தொடங்குவீர்கள்?" என்று எழுதியிருந்தார். மறுநாள் பாடத்தை, முதன்முறையாக, அந்த நால்வரை நினைத்துத் திட்டமிட்டேன்.

ஆகவே, மேற்பார்வையே வேண்டா என்பாரோடு நான் உடன்படேன். என்னை யாரும் பாராதிருந்தால் அப்பொய்யையே எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால், தோல்வியை ஒப்புக்கொண்டவரைக் குற்றவாளியாக்கும் தலைமை, பொய்யைத் தானே விதைக்கிறது.

இன்று பதிவேடுகள் என் மேசைக்கு வருகின்றன. சென்ற வாரம் இளம் ஆசிரியை ஒருவர், "பன்னிருவருக்கு விளங்கவில்லை" என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை நாளை மேலதிகாரிகளும் பார்க்கக்கூடும். பேனாவைத் திறந்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.