தொடர் பந்தயமும் ஊழும்

பந்தயத்தில் பணத்தை விட்டவர் "என் தலையெழுத்து" என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறார். விதியையோ கடவுளையோ அந்த இடத்துக்கு இழுப்பது தகாது என்பதே என் கட்சி. பல பந்தயங்களை ஒன்றாகக் கோக்கும் தொடர் பந்தயத்தின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு பந்தயத்தில் கிடைத்தது முழுவதும் அடுத்ததில் ஏறிவிடுவதால், விகிதங்களைப் பெருக்குகிறார்கள். 2, 1.5, 3 என்றால் பெருக்குத்தொகை 9. 100 ரூபாய்க்கு 900. நடுவில் ஒன்று பொய்த்தாலும் கட்டிய பணம் போயிற்று. குதிரைப் பந்தயத்தில் அடுத்தடுத்த ஐந்து ஓட்டங்களின் வெற்றிக் குதிரைகளைச் சொல்லவேண்டிய ஜாக்பாட்டும் இந்த இனம்தான்.

பெரிய தொகைதான் கண்ணில் படுகிறது, பிடித்தம் படுவதில்லை. நாணயம் சுண்டுவது போல் சரிபாதி வாய்ப்புள்ள பந்தயத்துக்கு நியாயமான விகிதம் 2. நடத்துபவர் 1.9 தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பந்தயத்தில் 100 ரூபாய்க்கு அவருடைய சராசரிப் பிடித்தம் 5 ரூபாய். நான்கைக் கோத்தால் கிடைப்பது சுமார் 1,303 ரூபாய். பதினாறில் ஒரு வாய்ப்புக்கு நியாயப்படி 1,600 வரவேண்டும். கட்டிய 100 ரூபாய்க்குச் சராசரிப் பிடித்தம் 18 ரூபாயைத் தாண்டிவிட்டது. எட்டைக் கோத்தால் 33 ரூபாய்க்கு மேல். ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருவர் உட்கார்ந்து போட்ட கழித்தல் இது. இதற்கு ஊழ் என்று பெயர் வைக்கலாமா? வள்ளுவர் ஊழை அறத்துப்பாலின் முடிவில், 38-ஆம் அதிகாரமாக வைத்தார். சூதையோ பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே 94-ஆவதாக வைத்தார். அந்த வைப்புமுறையே எனக்குப் பெரிய சான்று.

"பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் போடுகிறவரும் தொடர் பந்தயம்தானே கட்டுகிறார்?" என்று கேட்கலாம். வலுவான கேள்வி. விதைப்புக்கு மழை வேண்டும், பூச்சி தாக்கக்கூடாது, அறுவடையில் விலை நிற்கவேண்டும். மூன்றும் கூடினால்தான் கடன் அடையும். 2018-ல் படைப்புழு பெரம்பலூர் வட்டாரத்து மக்காச்சோளத்தைக் குருத்திலேயே தின்றது. ஆனால் அவர் ஒவ்வொரு கட்டத்திலும் கை வைக்கமுடியும்: மறுவிதைப்பு செய்யலாம், குருத்தைப் பிரித்து மருந்திடலாம், கதிர் போனாலும் தட்டை மாட்டுக்கு ஆகும். அவர் வென்றால் ஊருக்குத் தானியம் கூடுகிறது. மழையும் அவரைத் தோற்கடித்துப் பிழைப்பதில்லை. இவ்வளவு செய்தும் வானம் பொய்த்துத் தோற்றவர் விதி என்று சொன்னால் நான் தலைவணங்கிக் கேட்பேன்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்பார்கள். சொன்னது உண்மை, திறமையும் பெருகும் என்பதும் உண்மை. விகிதம் வைப்பவரைவிட ஒவ்வொரு ஓட்டத்தையும் நன்றாகக் கணிப்பவருக்குப் பெருக்கல் சாதகமாகவே திரும்பும். ஆனால் தோற்றதும் அவர் விதியின் பக்கம் திரும்ப வழியில்லை. திறமையின் பெயரால் பந்தயத்துக்குள் நுழைந்தவர் தோல்விக்கும் தன் கணிப்பைத்தான் கேட்கவேண்டும்.